இடதுபக்க ஆபரேஷன், வலதுபக்கத் தழும்பு

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. இடதுபக்கத் தொடை இடுக்கில் குடலிறக்கம் (ஹெர்னியா). இன்னும் 12 நாளில் எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். ஒன்பது வருடத்துக்கு முன் வலதுபக்கம் இதே ஆபரேஷன் நடந்தது. அந்தத் தழும்பு இருக்கிறது. சர்க்கரை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் ஒரு கேப்சூலும் ஒரு சர்க்கரை மாத்திரையும் போடுகிறார். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனதாகப் பாட்டி சொல்வார். காது சரியாகக் கேட்காது, கருவி வைத்திருக்கிறார். பக்கம் மாற்றி ஆபரேஷன் செய்த செய்திகளைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. டாக்டரிடம் கேட்டால், நம்பிக்கையில்லாமல் கேட்கிறோம் என்று கோபித்துக்கொள்வாரோ என்றும் பயம். குடும்பமாக நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? — வாசகி, திருச்சி

பதில்:

நிறைய இருக்கிறது. நீங்கள் எழுதிய பத்து வரிக்குள்ளேயே தவறு நுழையக்கூடிய ஐந்து வாசல்களைக் காட்டிவிட்டீர்கள்: வலதுபக்கத் தழும்பு, கேப்சூல், சர்க்கரை மாத்திரை, பென்சிலின், காது. இந்த ஐந்தும் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆபரேஷன் அன்று அப்பாவைத் தொடப்போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஐந்தும் தெரிந்திருக்கும் என்பதில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

ஓ.பி.யில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் சர்ஜன். அட்மிஷன் சீட்டு எழுதுகிறவர் வேறொருவர். வார்டு சிஸ்டர் காலையில் ஒருவர், இரவில் ஒருவர். தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், வாசலில் வாங்கிக்கொள்கிறவர், மயக்க டாக்டர் என்று கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொருவரும் முந்தின ஆள் எழுதியதை நம்பித்தான் அடுத்ததைச் செய்கிறார். முதல் சீட்டில் ஒரு எழுத்து பிசகினால், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்தே தவறான இடத்துக்குப் போய்ச் சேரலாம். 1995-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு எடுக்க வேண்டிய காலை விட்டுவிட்டு மற்றொரு காலை எடுத்துவிட்டார்கள். அன்றைய ஆபரேஷன் பட்டியலிலும் தியேட்டர் கரும்பலகையிலும் தவறான கால்தான் எழுதப்பட்டிருந்தது. சர்ஜன் உள்ளே வந்தபோது அந்தக் கால் மருந்து தடவி, துணி போர்த்தித் தயாராக இருந்தது. அந்தக் காலும் நோயுற்ற கால்தான் என்பதால், பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

உங்கள் அப்பாவின் நிலை இதற்கு வெகுதூரம் இல்லை. குடலிறக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நிற்கும்போதும் இருமும்போதும் புடைத்துத் தெரிகிற வீக்கம், மல்லாக்கப் படுத்தால் உள்ளே போய்விடும். மயக்கம் கொடுத்துத் தசைகள் தளர்ந்தபின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம் வலதுபக்கத்துப் பழைய தழும்புதான். போன தடவை செய்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறது போல என்று ஒருவர் நினைத்தால், அது முட்டாள்தனமான ஊகமும் இல்லை. அப்படித் திரும்ப வருவது உண்டு.

ஆகவே, பக்கத்தை அடையாளம் இடும் வேலை தியேட்டருக்குப் போவதற்கு முன்பே, அப்பா விழித்திருக்கும்போது, நின்று இருமிக் காட்டி, வீக்கம் தெரிகிறபோது நடக்க வேண்டும். இட வேண்டியவர் ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜன். அவர் வர முடியாவிட்டால், தியேட்டரில் அவரோடு நிற்கப்போகிற மருத்துவர். தோலில் அழியாத மார்க்கர் பேனாவால் ஓர் அம்புக்குறியோ, தன் கையெழுத்தின் முதல் எழுத்தோ, கத்தி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பச்சைத் துணி போர்த்திய பிறகும் தெரிகிற மாதிரி போடுவார். பெருக்கல் குறி வேண்டாம். ‘இங்கே செய்’ என்றும் படிக்கலாம், ‘இங்கே செய்யாதே’ என்றும் படிக்கலாம். பால்பாயிண்ட் பேனாவும் வேண்டாம். மருந்து தடவும்போது அழிந்துவிடும். லேப்ராஸ்கோப்பில், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு, செய்வதாக இருந்தாலும் குறி வேண்டும். அதில் பெரும்பாலும் தொப்புளிலும் நடுவயிற்றிலும் துளை போடுவார்கள், ஆகவே துளையைப் பார்த்துப் பக்கம் தெரியாது. குறி போட்டபின் அப்பா குளித்தால், குறி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நீங்களே வீட்டில் எதையும் வரைந்து அனுப்பாதீர்கள், வலதுபக்கத்தில் ‘இது இல்லை’ என்றும் எழுதாதீர்கள். அவசரத்தில் எழுத்தைப் படிக்க மாட்டார்கள், குறி இருக்கிறது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் ‘இடது’ என்று இருக்கிறதா? அட்மிஷன் சீட்டிலும் காப்பீட்டு அனுமதிக் கடிதத்திலும் அதேதானா? மூன்றில் ஒன்றில் மாறியிருந்தாலும், ‘டைப்பிங் மிஸ்டேக், பரவாயில்லை’ என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். திருத்தி, கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் இடதுக்கும் வலதுக்கும் ஒற்றை எழுத்துச் சுருக்கம் போடும் பழக்கம் இருக்கிறது. முழுச் சொல்லாக எழுதச் சொல்லுங்கள். அப்பா பேச்சில் சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று சொல்பவரானால் அப்படியே சொல்லட்டும். கூடவே கையை அந்தப் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். எதிரே நிற்பவருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். தொட்டுக் காட்டினால் மாறாது.

அடுத்தது மருந்து. பக்கம் மாறுவது அபூர்வம். மருந்தில் வருகிற பிசகு அப்படியல்ல, உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் நம் ஊரில் ஒரே கேப்சூலில் சேர்ந்து வருவது உண்டு. சிலவற்றில் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன் பல மருத்துவர்கள் சொல்வது: ‘குளோபிடோக்ரெலை ஐந்து நாள் முன்னால் நிறுத்துங்கள், ஆஸ்பிரின் தொடரட்டும்.’ வீட்டில் இருப்பதோ ஒரே கேப்சூல். அதை நிறுத்தினால் ஆஸ்பிரினும் சேர்ந்து நின்றுபோகும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும் ஆபத்து கூடும். நிறுத்தாமல் விட்டால் வெட்டிய இடத்தில் ரத்தம் கட்டும். அதைவிட மோசம், முதுகில் மயக்க ஊசி போடும் இடத்தில் கசிந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம். எனவே நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம், யாரையும் கேட்காமல் ஆபரேஷன் வரை தொடரவும் வேண்டாம். நாளைக்கே கேப்சூல் அட்டையோடு இதய மருத்துவரிடம் போங்கள். எந்தத் தேதியில் எது நிற்க வேண்டும், நிறுத்திய பிறகு தனி ஆஸ்பிரின் எத்தனை மில்லிகிராம், ஆபரேஷன் முடிந்து எப்போது பழைய கேப்சூல், இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘ஃபிட்னஸ்’ என்று ஒரு வார்த்தை எழுதி முத்திரை குத்தித் தருவது போதாது. 12 நாள்தான் இருக்கிறது, அதில் ஐந்து நாள் நிறுத்தும் கணக்குக்கே போய்விடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை மாத்திரையிலும் இதே மாதிரி ஒரு கண்ணி இருக்கலாம். மெட்ஃபார்மின் என்று நீங்கள் நினைக்கும் மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையின் பின்புறம் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் மருந்துக்கடையில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலை விட்டால் போதும். ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிற இவ்விரண்டையும் குறைந்தது மூன்று நாள் முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பட்டினி கிடந்து ஆபரேஷன் செய்துகொண்டால், ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரலாம். இதில் ஏமாற்றுகிற விஷயம், சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வந்தால் ‘சுகர் நார்மல்தான்’ என்று விட்டுவிடுவார்கள். அந்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர் என்பதை நீங்கள் சொன்னால், கீட்டோன் பரிசோதனை செய்யத் தோன்றும்.

பென்சிலினைப் பற்றி ‘அலர்ஜி’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள். அப்போது என்ன வயது, தடிப்பு மட்டுமா, மூச்சுத் திணறியதா, மயங்கி விழுந்தாரா, ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பாட்டியிடம் விசாரியுங்கள். இன்னொரு கேள்வி இவற்றைவிட முக்கியம்: அதற்குப் பிறகு எப்போதாவது சளிக்கோ பல்வலிக்கோ அமாக்ஸிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறாரா? அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பம்தான். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கிருமி எதிர்ப்பு ஊசி போடுவார்கள். அது பெரும்பாலும் செஃபசோலின், பென்சிலினுக்குத் தூரத்து உறவு. உண்மையிலேயே கடுமையான ஒவ்வாமை இருந்தால் எதைப் போடுவது என்று மயக்க டாக்டர் யோசிக்க வேண்டும். இல்லாத ஒவ்வாமையை இருப்பதாக எழுதிவிட்டால், தேவையில்லாமல் வேறு மருந்துக்குப் போய்ப் புண்ணில் கிருமி சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறோம். இரண்டு பக்கமும் கேடு உண்டு, அதனால்தான் விவரமாகச் சொல்லச் சொல்கிறேன்.

நாட்டு மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் என்று எதையாவது அப்பா சத்தமில்லாமல் சாப்பிட்டுவந்தால் அதையும் சொல்லுங்கள். ‘அது மருந்தா?’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். சில, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. வார்டில் இருக்கும் சிஸ்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்: ‘முழுப் பெயர், தந்தை பெயர், வயது, மருத்துவமனை எண். இன்றைய ஆபரேஷன்: இடதுபக்கக் குடலிறக்கம். வலதுபக்கத் தழும்பு பழையது, ஒன்பது ஆண்டுக்கு முன் செய்தது. இதயத்தில் ஸ்டென்ட், வைத்த மாதமும் ஆண்டும். குளோபிடோக்ரெல் கடைசியாகப் போட்ட தேதி. ஆஸ்பிரின் தொடர்கிறது. சர்க்கரை மாத்திரையில் இருக்கும் மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொன்றும் கடைசியாகப் போட்ட தேதி. பென்சிலினுக்கு என்ன ஆயிற்று என்ற விவரம். காது கேட்பது குறைவு, முகத்துக்கு நேராக நின்று சத்தமாகப் பேசவும். அவசரத்துக்கு மகளின் கைப்பேசி எண்.’ நான்கு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், ஒன்று மயக்க டாக்டர் கையில், ஒன்று ஸ்ட்ரெச்சரோடு போக, ஒன்று உங்கள் பையில். ஒரே தாளுக்கு மேல் போகாதீர்கள். மூன்று பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மயக்க டாக்டரை ஆபரேஷனுக்கு முந்தின நாளாவது பார்த்துவிட வேண்டும். தியேட்டர் வாசலில் முதன்முதலாகப் பார்ப்பது, உங்கள் அப்பாவைப் போல இதயமும் சர்க்கரையும் உள்ளவருக்குச் சரியில்லை. போன ஆபரேஷனில் மயக்கம் கொடுத்தபோது ஏதாவது சிக்கல் வந்ததா, ஆடும் பல்லோ கழற்றும் பல்செட்டோ உண்டா, குறட்டை விடும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். முதுகு ஊசியா முழு மயக்கமா என்பதும் அங்கேதான் முடிவாகும். இதயத்தில் ஏதாவது சிக்கல் வந்தால் அங்கேயே ஐ.சி.யு. இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளி என்பதால் பட்டியலில் முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். பட்டினி நேரம் குறையும். கடைசி நிமிடத்தில் வரிசை மாறினால் அன்று கூடுதலாகக் கவனியுங்கள். ஒருவர் பைலில் இன்னொருவர் போவது அப்படிப்பட்ட நாளில்தான்.

பட்டினியைப் பற்றிக் குழப்பம் நிறைய. இட்லி மாதிரியான லேசான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரமும் கறியும் என்றால் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான அளவு. உங்கள் மயக்க டாக்டர் சொல்லும் நேரம்தான் இறுதி. பெரியவர்கள் தடுமாறுவது காலை டீயில். பால் வயிற்றில் திரிந்து சாப்பாட்டு மாதிரி தங்கிவிடும், அதனால் பால் டீக்கும் ஆறு மணி நேரம். விடியற்காலையில் அரை டம்ளர் குடித்துவிட்டார் என்றால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறைத்தால், மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். சாப்பிடாமல் இருக்கும்போது வழக்கமான இன்சுலினையோ மாத்திரையையோ வார்டில் யாராவது கொடுக்க வந்தால், ‘அவர் பட்டினியில் இருக்கிறார், டாக்டர் கொடுக்கச் சொன்னாரா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

முந்தின நாள் வீட்டிலேயே பிளேடால் முடி எடுத்துவிட்டு வரச் சொல்வது பழைய வழக்கம். அதைச் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி வளரும். முடி எடுக்கத்தான் வேண்டுமென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டட்டும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும்.

கன்சென்ட் ஃபார்மை அவசரத்தில் நீட்டுவார்கள். காலி இடங்கள் நிரப்பப்பட்ட பிறகே கையெழுத்து. அதில் ‘இடதுபக்கம்’ இருக்க வேண்டும், திறந்து செய்வதா லேப்ராஸ்கோப்பா என்பது இருக்க வேண்டும், பலவீனமான இடத்தைத் தாங்கச் செயற்கை வலை வைக்கப்போகிறார்களா என்பதும் இருக்க வேண்டும். உள்ளே பார்த்தபின் வேறு ஏதாவது செய்ய நேரிடுமா, குறிப்பாக விதைப்பையில் கை வைக்க நேரிடுமா என்று அப்பாவின் முன்னிலையில் கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தால் அண்ணனோ சித்தப்பாவோ கேட்கட்டும், ஆனால் கேட்காமல் விட வேண்டாம். கையெழுத்து அப்பாவுடையது. அவர் சுயநினைவோடு இருக்கும்வரை உங்கள் கையெழுத்து அதற்கு மாற்று ஆகாது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்காக ஒரு பெண் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு, அவர் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கேட்டுக் கருப்பையை எடுத்த வழக்கு அது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை தவிர, ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது தீர்ப்பு.

இப்போது பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் இனிஷியல்தான். ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று செல்வி சர்வசாதாரணம். ‘முருகன்தானே?’ என்று கேட்டால், காது கேட்காத பெரியவர் எதற்கும் தலையாட்டுவார். ஆகவே அப்பாவுக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்: யார் வந்து எதைக் கேட்டாலும் தலையாட்டாமல், தன் பெயர், தந்தை பெயர், எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று தானே வாயால் சொல்ல வேண்டும். கையில் கட்டும் பட்டையில் பெயரும் எண்ணும் சரியா என்று கட்டும்போதே படித்துப் பாருங்கள். தியேட்டருக்குள் போகும்முன் காதுக் கருவியையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். கண்ணும் காதும் போனபின் அவரிடம் கேட்கிற கேள்விக்கு மதிப்பில்லை. மயக்கம் கொடுக்கும்வரை கருவி காதிலேயே இருக்கட்டும் என்று மயக்க டாக்டரிடம் முந்தின நாளே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தியேட்டருக்குள் நீங்கள் போக முடியாது. ஆனால் உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, நடக்கிறதா என்று முன்பே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 வரிகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டு. மூன்று இடத்தில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுக்கும் முன்: ஆள் யார், எந்தப் பக்கம், குறி இருக்கிறதா, ஒவ்வாமை உண்டா. கத்தி வைக்கும் முன்: அறையில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி, நோயாளி பெயரையும் ஆபரேஷனையும் பக்கத்தையும் மறுபடி உறுதிசெய்து, கிருமி எதிர்ப்பு ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பது. அறையைவிட்டு வெளியே வரும் முன்: கருவிகள், பஞ்சுத் துணிகள், ஊசிகளின் எண்ணிக்கை. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. புது மருந்தோ புது இயந்திரமோ இல்லாமல் கிடைத்த பலன் இது. இதே பட்டியலை வாயால் சொல்லாமல், கடைசியில் மொத்தமாக டிக் அடித்து வைக்கும் இடங்களும் உண்டு. அங்கே அது வெறும் காகிதம்தான்.

முதல் நிறுத்தத்தில் உங்கள் அப்பா விழித்திருப்பார். முதுகு ஊசி என்றால், தூக்க மருந்து சேர்க்காதவரை இரண்டாவதிலும் விழித்திருப்பார். ‘உங்ககிட்ட பேரும் பக்கமும் கேட்பாங்க, யாரும் கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க: எனக்கு இடதுபக்கம், வலதுபக்கம் முன்னாடியே முடிஞ்சது’ என்று சொல்லி அனுப்புங்கள்.

வயிற்றுக்குள் துணி விட்டுத் தைத்துவிடும் பயமும் உங்களுக்கு இருக்கலாம். அவசர ஆபரேஷன், நடுவில் திட்டம் மாறுவது, நோயாளியின் உடல் பருமன், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஆபத்து கூடுகிறது. திட்டமிட்டுச் செய்யும், சிறிய வெட்டுள்ள குடலிறக்க ஆபரேஷனில் அது மிகவும் குறைவு. ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜனிடம், ‘எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்ததா?’ என்று ஒரு வரி கேளுங்கள், போதும். வைத்த வலையின் உறையில் ஸ்டிக்கர் இருக்கும். தயாரித்த நிறுவனம், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் உண்டு. ஒன்றை கேஸ் ஷீட்டிலும் ஒன்றை உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் தேவைப்படும்.

முதல் இரவு யாராவது ஒருவர் விழித்திருங்கள். பகலில் மூன்று மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் இரவில் ஒரு டியூட்டி டாக்டர்தான் இருப்பார், அவர் அப்பாவைப் பார்த்தே இருக்க மாட்டார். அவர் பெயரையும், சர்ஜனை இரவில் கூப்பிட வேண்டுமென்றால் யார் கூப்பிடுவார்கள் என்பதையும் மாலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றால் சொல்லுங்கள். இந்த வயதில், முதுகு ஊசிக்குப் பிறகு, இது அடிக்கடி வருவது. விதைப்பையில் லேசான நீலமும் வீக்கமும் எதிர்பார்க்கக்கூடியவை. வேகமாகப் பெருகி, கல் மாதிரி இறுகி, தாங்க முடியாமல் வலித்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நெஞ்சு பாரம், வேர்வை, மூச்சுத் திணறல் வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். வாயுத்தொல்லை என்று யாராவது சொன்னால் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வலி ஊசிக்குப் பிறகு, எழுப்பினாலும் எழாமல் மூச்சு மிக மெதுவாக வந்தால், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. சிஸ்டரைக் கூப்பிடும்போது ‘ஒரு மாதிரியா இருக்கார்’ என்று சொல்வதைவிட, ‘பத்து மணிக்கு இவ்வளவு வீங்கியிருந்தது, இப்போது பதினொன்று, இரண்டு மடங்கு ஆகிவிட்டது’ என்று சொன்னால் உடனே எழுந்து வருவார். கைப்பேசியில் மணிக்கொரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று எழுதியிருந்தீர்கள். ‘நீங்க பக்கம் மாத்திடுவீங்களோன்னு பயமா இருக்கு’ என்று கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கும். ‘டாக்டர், அப்பாவுக்கு வலதுபக்கம் பழைய தழும்பு இருக்கு, படுத்தா வீக்கம் தெரியாது, நிக்க வச்சு ஒரு மார்க் போட்டுடுறீங்களா?’ என்று கேளுங்கள். காரணத்தையும் வேண்டுகோளையும் சேர்த்துச் சொல்லும்போது, அது அவருடைய வேலைக்கு உதவியாக வந்து நிற்கிறது. நல்ல சர்ஜன் இதை வரவேற்பார். ஆபரேஷனை அவரே செய்வாரா, உதவியாளர் செய்வாரா, இதே ஆபரேஷனை எவ்வளவு காலமாகச் செய்கிறார் என்றும் இதே தொனியில் கேட்கலாம். இவ்வளவு மரியாதையாகக் கேட்டும் எரிந்துவிழுகிறவர் என்றால், இது அவசர ஆபரேஷன் இல்லை. இன்னொரு சர்ஜனிடம் கருத்துக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: காத்திருக்கும் நாட்களில் வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரம், உடனே கொண்டுபோக வேண்டும்.

ஒருவேளை ஏதாவது தவறிவிட்டால்: முதலில் அப்பாவின் சிகிச்சை, பிறகுதான் சண்டை. மருத்துவ ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டணம் செலுத்திப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். எல்லாச் சிக்கலும் தவறு ஆகாது. ரத்தம் கட்டுவதும் புண் சீழ் பிடிப்பதும் எல்லாம் சரியாகச் செய்தும் வரலாம். அதனால் வேறொரு மருத்துவரிடம் ஆவணங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டபின் முடிவெடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒன்று விடுபடும். சம்மரியில் வலி மாத்திரை, கிருமி மாத்திரை எல்லாம் எழுதியிருப்பார்கள். நிறுத்திவைத்த கேப்சூலை எந்தத் தேதியில் திரும்பத் தொடங்குவது என்று எழுத மறந்துவிடுவார்கள். ஆபரேஷனுக்காக நிறுத்தியது அப்படியே மாதக்கணக்கில் நின்றுபோய், பிறகு நெஞ்சுவலியோடு வருகிறவர்கள் உண்டு. தேதியை எழுதி வாங்குங்கள். டாபாகிளிஃப்ளோசினோ எம்பாகிளிஃப்ளோசினோ இருந்தால், அப்பா வழக்கம்போல் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகே அதைத் தொடங்க வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சம்மரியில் ‘இடது’ என்று இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.